மூன்று முரசுகள்: யொரூபா நாடகமும் ஊவாத் தோட்டத்துக் காமன் கூத்தும் — ஒரு விமர்சன நோக்கு

மேற்கு ஆபிரிக்காவில் வாழும் யொரூபா மக்களின் பண்டைச் சமூக வாழ்வுக்கும், ஊவா மலைகளில் கொழுந்து பறிக்கும் நம்மவர் வாழ்வுக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் கலையை இன்னொரு சமுதாயத்தின் கலையோடு வைத்து நோக்கும்போது, தனித்து நோக்குகையில் மறைந்து நிற்கும் சில உண்மைகள் வெளிப்படுதல் உண்டு. சங்கச் சான்றோர் செய்யுள்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பேராசிரியர் க. கைலாசபதி, 1969 இல் ‘ஒப்பியல் இலக்கியம்’ என்ற நூலை வெளியிட்ட காலந்தொட்டு இம்முறை ஈழத்துத் தமிழ் விமர்சனத்துக்குப் பழக்கமானதே. அவ்வழியைப் பின்பற்றிச் செல்லும் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

‘காலனித்துவத்துக்கு முற்பட்ட வாழ்வு’ என்ற தொடரை நாம் இன்று பெரிதும் கையாள்கின்றோம். அன்னியன் வருமுன் ஊர் ஒன்றாயிருந்தது, கலை செழித்திருந்தது, மாந்தர் ஒருவரை ஒருவர் தாங்கி வாழ்ந்தனர் என்பது அத்தொடரின் உட்பொருள். நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைப் பற்றி எழுதுவோரும் அதனை அத்தகைய முன்னைய வாழ்வின் எச்சமாகவே காண்கின்றனர். இப்பார்வை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இங்கு நோக்கம். ஆராய்ச்சிக்குத் துணையாக மூன்று முரசுகளை எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று யொரூபாவின் முரசு. மற்றொன்று வெலிமடைச் சிங்களக் கிராமத்தின் பெரய. மூன்றாவது தோட்டத்துத் தப்பு.

1. முரசின் மொழி

யொரூபா இனத்தவரான வோலே சோயிங்கா 1975 இல் வெளியிட்ட ‘மரணமும் அரசனின் குதிரை வீரனும்’ என்ற ஆங்கில நாடகம், 1940களின் நடுப்பகுதியில் நைஜீரியாவின் ஒயோ நகரில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது. இதே சம்பவத்தைக் கொண்டு டூரோ லடிப்போ யொரூபா மொழியில் முன்னரே ஒரு நாடகம் எழுதியிருந்தார். சோயிங்காவின் நாடகம் 2022 இல் பியீ பண்டேலேயின் இயக்கத்தில் யொரூபா மொழி பேசும் திரைப்படமாகவும் வந்துள்ளது.

கதை வருமாறு. ஒயோவின் அரசர் இறந்து ஒரு திங்களாகின்றது. அவருடைய குதிரைப் படைத் தலைவனான எலெசின், மரபுப்படி அன்றிரவு தன் உயிரைத் துறந்து அரசரோடு மறுவுலகு செல்லல் வேண்டும். சந்தையிலே முரசொலிக்கும் புகழ்ப்பாட்டுக்கும் நடுவே அவன் வருகின்றான். வழியில் ஓர் இளம் பெண்ணைக் கண்டு அவளை அன்றிரவே மணந்துகொள்ள விழைகின்றான். சந்தைப் பெண்களின் தலைவியான இயலோஜா அரைமனத்துடன் இசைகின்றாள். செய்தி அறிந்த ஆங்கிலேய மாவட்ட அதிகாரி பில்கிங்ஸ், இதனைக் காட்டுமிராண்டி வழக்கமெனக் கருதி எலெசினைச் சிறைப்பிடிக்கின்றான். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று திரும்பிய எலெசினின் மகன் ஒலுண்டே, தந்தை செய்யத் தவறியதைத் தான் செய்து மாய்கின்றான். மகனின் உடலைக் கண்ட எலெசின் கைவிலங்குச் சங்கிலியாலேயே தன் கழுத்தை இறுக்கி உயிர் விடுகின்றான்.

இந்நாடகத்தின் இரண்டாம் காட்சியில் ஓர் இடம் நம் கவனத்துக்குரியது. பில்கிங்ஸின் பங்களாவுக்கு முரசொலி கேட்கின்றது. அதன் பொருள் யாதென அவன் தன் வேலைக்காரன் ஜோசப்பை வினவுகின்றான். ஜோசப்போ குழம்புகின்றான். அது ஒரு பெருந்தலைவனின் மரணத்தை அறிவிக்கும் ஒலி போலவும் இருக்கின்றது, திருமண ஒலி போலவும் இருக்கின்றது. யொரூபா மொழி ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் வேறுபடும் மொழியாகும். அவர்களுடைய ‘டுண்டுன்’ முரசு அவ்வேற்ற இறக்கத்தை அப்படியே எழுப்பவல்லது. ஆதலின் அங்கே முரசு பேசுகின்றது என்பது உருவகமன்று, உண்மை. அதைக் கேட்கும் காதும் அதற்குரிய கல்வியும் பில்கிங்ஸுக்கு இல்லை. அவன் மனைவி ஜேனும் அவனும், முன்னோர் ஆவிகளைக் குறிக்கும் ‘எகுங்குன்’ புனித உடையை மாறுவேட விருந்துக்கென அணிந்து நிற்கின்றனர். ஒரு மக்களின் பண்பாடு அறியாதவன் கையில் வெறும் வேடிக்கையாகிவிடுவதற்கு இதனினும் வலிய சான்று நாடக இலக்கியத்தில் அரிது.

2. நாடகம் காட்டும் ஊர், காட்டாத ஊர்

இந்நாடகத்தை இரு பண்பாடுகளின் மோதல் என்று சுருக்கிவிடலாகாது எனச் சோயிங்கா தம் முன்னுரையிலேயே எச்சரித்துள்ளார். அவருக்கு ஆங்கிலேயன் ஒரு தூண்டுதல் மாத்திரமே. உண்மைப் போராட்டம் எலெசினின் உள்ளத்துள்ளே நிகழ்கின்றது. உயிருள்ளோர், இறந்தோர், பிறவாதோர் ஆகிய மூவுலகையும் இணைக்கும் பாலம் அவன் தடுமாற்றத்தால் இடிகின்றது. இக்கூற்று ஏற்கத்தக்கதே. அன்னியன் கைது செய்யாவிடினும் எலெசின் தயங்கியிருப்பான் என்பதை அவனுடைய திருமண ஆசையே காட்டிவிடுகின்றது.

ஆயினும் யொரூபாச் சமூக வரலாற்றை நோக்குங்கால் மற்றொரு வினாவும் எழுகின்றது. யொரூபா மக்கள் ஐரோப்பியர் ஆட்சிக்கு முன்பே பெரு நகரங்களில் வாழ்ந்தவர்கள். ஒரே குலத்தவர் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழும் வளாகங்களும், அவற்றுக்கு ஒரு தலைவரும், ஊருக்கு ஓர் அரசரும் இருந்தனர். ஒயோ அரசராகிய அலாஃபின் தன்னிச்சையாக ஆண்டவரல்லர். ‘ஒயோ மெசி’ எனும் எழுவர் சபை அவரை உயிர் துறக்கப் பணிக்கும் அதிகாரம் பெற்றிருந்தது. சந்தை பெண்களின் கையில் இருந்தது. ‘இயலோடே’ என்ற பட்டம் பெற்ற பெண் தலைவி ஊர்ச் சபையில் இடம்பெற்றாள். ‘எசுசு’ என்ற ஒரு முறையும் உண்டு. ஒரு குழுவினர் தவணைதோறும் ஒரே அளவு பணத்தை இட, ஒவ்வொரு தவணையிலும் ஒருவர் முழுத்தொகையையும் எடுப்பர். லயத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டை அறிந்தவர்களுக்கு இது விளக்க வேண்டாதது.

இவை யாவும் பெருமைக்குரியன. ஆனால் அதே சமுதாயத்தில் ‘இவோஃபா’ என்ற வழக்கமும் இருந்தது. கடன் பட்டவன் தன்னையோ தன் பிள்ளையையோ கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பான். கடன் தீரும் வரை அவ்வுழைப்பே வட்டி. அடிமை முறையும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய ஒயோப் பேரரசு சரிந்தபோது எழுந்த உள்நாட்டுப் போர்களில் சிறைப்பட்ட யொரூபா மக்கள் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் விற்கப்பட்டனர். சோயிங்காவின் நாடகத்தில் எலெசின் அடைக்கப்படும் இடம், ஒரு காலத்தில் கடற்கரைக்கு அனுப்பு முன்னர் அடிமைகளை அடைத்து வைத்த இடமாகும். நாடகாசிரியர் இதனை ஒரு வரியில் குறித்துவிட்டுக் கடந்து செல்கின்றார். அவ்வரியில் நின்று யோசிக்க வேண்டியவர் விமர்சகர். அவ்வடிமைகளைக் கப்பலில் ஏற்றியவர் வெள்ளையர். கப்பல் வரை கொணர்ந்தவர் யாவர்?

நைஜீரிய மார்க்சிய விமர்சகர் பியோதுன் ஜெயிஃபோ 1980களில் இவ்வழியிலேயே சோயிங்காவைக் கண்டித்தார். எலெசினின் ‘மானம்’ முழு யொரூபா மக்களின் மானமாகக் காட்டப்படுகின்றது. உண்மையில் அது ஒரு நிலமானிய மேல்வர்க்கத்தின் மானமே என்பது அவருடைய வாதத்தின் சாரம். இவ்வாதத்தில் வன்மை உண்டு. அரசனோடு இறக்கும் பொறுப்புடையவன் வாழ்நாள் முழுதும் ஊரின் சிறந்த உணவையும் உடையையும் துய்த்தவன். சந்தையில் கிழங்கு விற்றவளுக்கு அந்த மானத்தில் பங்கு என்ன என்று நாடகம் கேட்பதில்லை.

வரலாறு இதற்கு மேலும் ஒரு சான்று தருகின்றது. ஒயோ அரசர் இறந்தால் அவருடைய மூத்த மகனும் உடன் இறக்க வேண்டும் என்ற வழக்கம் முன்னர் இருந்தது. அலாஃபின் அட்டிபா தம் மகன் அடேலுவை வாழவைக்க விரும்பி அவ்வழக்கத்தை மாற்றினார். 1859 இல் அவர் இறந்ததும் அடேலு அரசேறினார். இஜாயே நகரத் தலைவர் குருன்மி இதனை மரபு மீறல் எனக் கூறி ஏற்க மறுத்தார். விளைவு, 1860 முதல் 1862 வரை நடந்த இஜாயேப் போர். 1897 இல் எழுதி முடிக்கப்பட்டு 1921 இல் அச்சேறிய சாமுவேல் ஜோன்சனின் யொரூபா வரலாற்று நூல் இதனை விரிவாகக் கூறுகின்றது. ஓலா ரொட்டிமி ‘குருன்மி’ என்ற பெயரில் இதனை நாடகமாக்கினார். ஒயோ உள்நாட்டில் ஆங்கிலேயரின் ஆட்சி நிலைகொள்ளுமுன்னரே, எந்த மரபு வாழ வேண்டும், எது மாள வேண்டும் என்று யொரூபா மக்கள் தமக்குள் வாதிட்டும் போரிட்டும் இருந்தனர் என்பதே இதனால் பெறப்படும் உண்மை. ‘முன்னைய வாழ்வு’ அசையாத ஓவியமன்று. அதனுள்ளும் வழக்கு இருந்தது, பிரிவு இருந்தது, மாற்றம் இருந்தது.

3. வெலிமடையில் முன்னைய வாழ்வு யாருடையது?

இனி நம் மலைக்கு வருவோம். வெலிமடையில் நின்றுகொண்டு ‘காலனித்துவத்துக்கு முற்பட்ட வாழ்வு’ என்று கூறினால் அது யாருடைய வாழ்வு என்பதே முதல் வினா.

இப்பகுதியின் வயற்பள்ளத்தாக்குகள் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தவை. அங்கு சிங்களக் குடியானவர், ஒருவர் வயலில் மற்றவர் முறைவைத்து உழைக்கும் ‘அத்தம்’ முறையால் பயிர் செய்தனர். அரசனிடமிருந்து நிலம் பெற்றோர் அதற்கீடாகச் சாதிக்கேற்ற ஊழியம் செய்யும் ‘இராஜகாரிய’ முறையும் நிலவியது. முரசறையும் ‘பெரவா’ சாதியினர் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் முரசு கொட்டுவதைக் கடமையாகக் கொண்டு நிலம் பெற்றிருந்தனர். இதுவே நாம் குறித்த இரண்டாவது முரசு. இன்று கண்டிய நடனம் என்று உலகம் போற்றும் கலையின் இதயத்துடிப்பு அச்சாதியினரின் கையிலிருந்தே பிறந்தது. அவர்கள் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டனர் என்பதை அதே போற்றுரைகள் பெரும்பாலும் கூறுவதில்லை.

1817–18 இல் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளருடன் சேர்ந்து, 1818 நவம்பர் 26 ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வெலிமடைக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் வயல்களையும் வீடுகளையும் கால்நடைகளையும் அழித்தனர். 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1840 இன் முடிக்குரிய நிலச் சட்டம் உறுதி காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியவையாக்கிப் பெருந்தோட்டத்துக்கு வழி திறந்தது. கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தத் தேயிலை வந்தது. அத்தோட்டங்களுக்கென வந்தவர்களே நம் முன்னோர்.

ஆதலின் இம்மலையில் நமக்கொரு ‘முன்னைய வாழ்வு’ இல்லை. நம் சமுதாயம் இம்மண்ணில் காலனித்துவத்தின் வயிற்றிலேயே பிறந்தது. முன்னைய வாழ்வு வேண்டுமாயின் கடலுக்கு அப்பால் திருச்சிக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் சேலத்துக்கும் செல்ல வேண்டும். அங்கு சென்றால் காண்பது யாது? பெருநிலக்கிழார் வயலில் பண்ணையாளாகவும் படியாளாகவும் கடனுக்குக் கட்டுண்டு உழைத்தவர்களையே பெரிதும் காண்கின்றோம். யொரூபாவின் இவோஃபாவுக்கும் தஞ்சையின் படியாளுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. கப்பலேறி வந்த பின்னும் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி அவர்களைத் தொடர்ந்தது. அக்கடன் தீராமல் தோட்டம் மாற இயலாதபடி செய்த ‘துண்டு’ முறை 1921 இல் தான் சட்டத்தால் ஒழிந்தது. ஊரிலிருந்து நாம் கொணர்ந்தவை கூத்தும் தெய்வமும் மட்டுமல்ல. கடனும் சாதியும் கூடவே வந்தன.

4. காமன் கூத்து: எச்சமா, ஆக்கமா?

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று தோட்டத்துப் பொட்டலில் காமன் ஊன்றப்படும். ஆமணக்கு, கரும்பு, வைக்கோற்புரி முதலியன சேர்த்துக் கட்டிய கம்பமே காமன். வேடம் தாங்குவோர் விரதம் காப்பர். மாலைகளில் ரதியும் மதனும் லயம் லயமாகச் சென்று ஆடுவர். இறுதி இரவில் தூதன், தக்கன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி, கோமாளி எனப் பல பாத்திரங்கள் தோன்றுவர். சிவனின் தவம் கலைக்க மதன் செல்வான். நெற்றிக் கண் திறக்கும். கம்பம் எரியும். ரதி புலம்புவாள். பின்னர் மதன் உயிர்த்தெழுவான், ரதியின் கண்ணுக்கு மட்டும். இவ்வளவுக்கும் விடியும் வரை ஓயாது தப்பு முழங்கும்.

தஞ்சை, திருச்சிப் பகுதிகளிலும் காமன் பண்டிகை உண்டு. அங்கு லாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிவர். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மறு கட்சி. தெய்வக் கதையையே வழக்காடு பொருளாக்கிய மக்கள் அவர்கள். இஜாயேப் போர் எழுந்த அதே விவாத மனம், இங்கு குருதி சிந்தாமல் பாட்டாக வெளிப்பட்டது எனலாம். இவ்வழக்காடும் பண்பே நாம் பெற்ற மரபின் உயிர்நாடி. மரபைக் கேள்வி கேட்பவன் மரபுக்குப் புறம்பானவன் அல்லன்.

கூத்து கடல் கடந்து வந்ததாயினும் அதன் பொருள் இங்கு புதிதாயிற்று என்பது என் கருத்து. மதன் ஏன் சாகின்றான்? தேவருக்குத் துயர் நேர்ந்தது. சூரனை அழிக்க ஒரு குமாரன் பிறக்க வேண்டும். அதற்குச் சிவனின் தவம் கலைய வேண்டும். யாரும் முன்வராத வேலைக்கு இந்திரன் மதனை ஏவுகின்றான். ஓலையோடு தூதன் வருகின்றான். ரதி தடுக்கின்றாள், வாதாடுகின்றாள், கனவு கண்டதாகச் சொல்கின்றாள். மதன் கட்டளையை மீற இயலாமல் செல்கின்றான், எரிகின்றான். காரியம் தேவருக்கு ஆயிற்று. கைம்மை ரதிக்கு ஆயிற்று. எலெசின் செய்ய வேண்டியிருந்த சாவு, வாழ்நாள் முழுதும் அவன் துய்த்த உரிமைகளுக்கு ஈடு. மதனின் சாவுக்கு முன்னே எந்த உரிமையும் இல்லை. மேலிடத்துக் கட்டளை வந்தது, வேலைக்குப் போனான், மீளவில்லை. காட்டை வெட்டப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் இக்கதையைக் கண்டு விடிய விடிய அழுததற்குப் பக்தி மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை.

பெண் பாத்திரங்களை ஒப்பிடுவதும் பயன் தரும். சோயிங்காவின் நாடகத்தில் சந்தைப் பெண்கள் காவலரை எள்ளி நகையாடித் துரத்துகின்றனர். இயலோஜாவின் சொல்லுக்கு அனைவரும் அடங்குகின்றனர். ஆயின் எலெசின் மணந்த அந்த இளம் பெண் நாடகம் முழுவதும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நம் ரதியோ ஓயாது பேசுகின்றாள். அவளுடைய புலம்பல் தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரி மெட்டிலேயே அமைந்தது. எனினும் அதைப் பாடுபவன் ஆண். பெண்ணின் சொந்தக் கலை வடிவம், பெண்ணிடமிருந்து பெறப்பட்டு, ஆணின் வாயால் அவளுக்கே திருப்பிப் பாடப்படுகின்றது. அங்கே குரலற்ற பெண், இங்கே இரவல் குரல் பெற்ற பெண். இவ்விரண்டையும் ‘முன்னைய வாழ்வின் அழகு’ என்று வாளா போற்றிவிட இயலாது.

5. தப்பு

மூன்றாவது முரசுக்கு வருகின்றேன். தோட்டத்தில் தப்பு பல வேலை செய்தது. கோயிலில் சாமியை அழைத்தது. கல்யாணத்தில் முன்னே சென்றது. சாவு வீட்டில் பாடையை வழியனுப்பிற்று. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கேட்ட மாத்திரத்திலேயே மேற்கணக்கு லயத்தில் நிகழ்வது இன்னதெனக் கீழ்க்கணக்கில் இருப்பவர் அறிவர். டுண்டுன் முரசு போல இதுவும் ஒரு மொழி. பண்டைத் தோட்ட வாழ்வில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. ஆண்டில் ஓரிரவு தெய்வத்தை எழுப்பிய தோல், மற்றைய விடியல்களில் துரையின் வேலைக்கு ஆளை எழுப்பிற்று. காமன் கூத்தைக் காலனித்துவம் தீண்டாத தூய எச்சமாகக் காண்போர் இவ்வொன்றை எண்ணிப் பார்த்தால் போதும். கருவி ஒன்றே, கை ஒன்றே. அக்கையின் உழைப்பு தெய்வத்துக்கும் போயிற்று, தோட்டத்துக்கும் போயிற்று.

அந்தக் கை யாருடையது? யொரூபாவில் முரசறைவோர் ‘அயன்’ என்ற தெய்வத்தைத் தம் குல முதல்வனாகக் கொள்ளும் குடியினர். அவர்கள் பெயர்களே அச்சொல்லில் தொடங்கும். நம் பாணரைப் போலப் பிறர் புகழ் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தோர். வெலிமடைக் கிராமத்தில் பெரவா. தோட்டத்தில் தப்படிப்பதும் ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட கடமை. மூன்று இடத்திலும் முரசு பிறப்பால் வந்தது. ஆனால் யொரூபாவில் அது குலப் பெயராகப் பெருமையுடன் சூட்டப்பட்டது. நம்மிடையே அது வசையாயிற்று.

இங்கு என் அனுபவத்தைச் சிறிது கூற நேர்கின்றது. சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் காமன் எரிந்த மறுநாள் சோறு போடுவர். முதற் பந்தியில் நான் உட்கார்ந்தேன். இரவெல்லாம் தப்படித்தவர் பந்தி யாவும் முடியும் வரை தள்ளி நின்று, பின்னர் உண்டார். அது எனக்கு அன்று ஒரு காட்சியாகவே படவில்லை. அவருடைய மகன் என்னோடு பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்தவன். தந்தைக்குப் பின் அவன் தப்பைத் தொடவில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சென்றுவிட்டான். அவ்வாண்டு கூத்துக்கு வெளித் தோட்டத்திலிருந்து ஆளைக் கூலிக்கு அழைக்க நேர்ந்தது. பல்கலைக்கழகம் வந்த பின் ஒரு விடுமுறையில் அவனைச் சந்தித்தேன். நாட்டார் கலை அழிவது பற்றி நான் படித்தவற்றை எல்லாம் அவனிடம் ஒப்பித்தேன். அவன் கேட்டது இவ்வளவே: “கூத்து அழியக் கூடாதுன்னா, நீயே தப்ப எடுத்து அடிக்கிறது தானே?”

அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கான விடை தேடலே.

6. விமர்சனத்தின் கடமை

நம் நாட்டார் கலை விமர்சனம் இரு நிலைகளில் நின்றுவிடுகின்றது. ஒன்று பில்கிங்ஸின் நிலை. கூத்தைக் கண்டு, அதன் மொழி அறியாது, வேடிக்கையென்றோ மூடநம்பிக்கையென்றோ ஒதுக்கிவிடுவது. இதனை எதிர்த்துப் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது. மற்றது சோயிங்காவின் நிலை. கூத்தின் மொழியை அகத்திலிருந்து அறிந்து, அதன் அழகிலே தோய்ந்து, ஊர் முழுவதும் ஒரே உள்ளத்தோடு அதைச் சுமந்ததாகக் காட்டுவது. இது முன்னதிலும் உயர்ந்த நிலை, ஐயமில்லை. ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. பந்திக்கு வெளியே நின்றவனை அது காண்பதில்லை.

ஈழத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய நாடகங்கள் வாயிலாக மட்டக்களப்பு மரபுக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். கற்றோரால் இழிவாகக் கருதப்பட்ட கலைக்கு அது மதிப்பளித்தது. இன்று கலாசார விழாக்களில் தப்பும் மேடையேறுகின்றது, கைதட்டலும் பெறுகின்றது. இது நல்லதே. ஆனால் மேடையில் பத்து நிமிடம் அடிப்பவர் மாணவர். சாவு வீட்டுக்கு விடிய விடிய அடிக்க அழைக்கப்படுபவர் இன்னும் அதே குடும்பத்தவர். கலைக்கு மதிப்பளித்துவிட்டுக் கலைஞனுக்கு மதிப்பளிக்காதிருக்க முடியும் என்பதை நம் விழாக்கள் ஆண்டுதோறும் நிரூபித்து வருகின்றன.

தமிழகத்தில் 1990கள் தொடக்கம் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்கள் பறையைச் சாவு வீட்டுக் கடமையிலிருந்து விடுவித்துப் போராட்டத்தின் கருவியாக்கின. பெண்களும் அதைக் கையிலெடுத்தனர். 2025 இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. கட்டாயத்தின் பேரில் அடிப்பதற்கும் விரும்பி அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது. தப்பைத் தொட மறுத்த என் நண்பனும், தமிழகத்தில் அதை உயர்த்திப் பிடித்தவர்களும் எதிரெதிர் வழியில் சென்றவர்கள் போலத் தோன்றலாம். இருவரும் மறுத்தது ஒன்றையே. பிறப்பு ஒருவனுக்குத் தொழில் விதிக்கும் என்பதையே மறுத்தனர்.

எனவே ‘காமன் கூத்து அழிகின்றது’ என்று வருந்தி எழுதுமுன், அதனுள் எது அழிகின்றது என்று வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும். ரதியின் வாதம் அழியுமாயின் அது இழப்பு. தப்பின் அடிகளைப் பிரித்தறியும் செவி அழியுமாயின் அது பேரிழப்பு. ஒருவன் பந்திக்குப் புறத்தே நின்று உண்ணும் வழக்கம் அழியுமாயின் அது இழப்பன்று. அட்டிபா தம் மகனை வாழவைத்த பின்னும் ஒயோவில் முரசு ஒலித்தது. மரபின் ஓர் உறுப்பு மாறுவதால் மரபே மாண்டுவிடுவதில்லை.

செய்யத்தக்கவை சில உண்டு. தப்பின் அடிகளையும் அவற்றின் பெயர்களையும், இன்று அறிந்திருக்கும் மூத்தோரிடமிருந்து, அவர்கள் பெயரோடும் உரிய ஊதியத்தோடும் பதிவு செய்தல் வேண்டும். கூத்துப் பயிற்சியில் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் தப்பு பயிலல் வேண்டும். ரதியின் புலம்பலைப் பெண்களே பாடும் வாய்ப்பு அமைதல் வேண்டும். காமன் எரிந்த மறுநாள் முதற் பந்தியில் முதல் இலை தப்பாசிரியருக்கு இடப்படல் வேண்டும். இவற்றுள் கடைசியானது எல்லாவற்றிலும் எளிது. அதற்குப் பணம் வேண்டாம், பதிவுக் கருவி வேண்டாம். அதுவே இன்னும் நடவாதிருப்பது நம்மைப் பற்றி நமக்குச் சொல்லும் செய்தி.

இவ்வாண்டு முதல் விடுமுறை நாட்களில் ஒரு மூத்த கலைஞரிடம் தப்பு பயிலத் தொடங்கியுள்ளேன். நெருப்பில் தோலைக் காய்ச்சும் பக்குவமே இன்னும் கைவரவில்லை. என் வீட்டில் இதற்கு எழுந்த எதிர்ப்பை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. நண்பன் கேட்ட வினாவுக்கு ஒரு கட்டுரை முழுமையான விடையாகாது என்பதை உணர்ந்தே இதனை எழுதி முடிக்கின்றேன்.